ஜல்லியின் இடுக்கில் எவ்வளவு மணல் அடங்கும்? துகள் அளவையும் நெருக்கத்தையும் கையால் அளந்தறியும் வழி

காவிரிப் படுகையில் புதிதாக வீடு கட்டத் தொடங்குகிறவர்களும், பாலிடெக்னிக் முடித்துவிட்டுக் கட்டுமானப் பணியில் மேற்பார்வைக்குச் சேருகிறவர்களும் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளும் கணக்கு ஒன்று உண்டு. சிமெண்ட் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, ஜல்லி நான்கு பங்கு என்பது அந்தக் கணக்கு. மூன்றையும் கூட்டினால் ஏழு பெட்டி வருகிறது. ஆனால் தண்ணீர் விட்டுக் கலந்து கொட்டினால் ஐந்து பெட்டி கான்கிரீட்கூடக் கிடைப்பதில்லை. மீதி எங்கே போயிற்று என்று கேட்டால், பெரும்பாலும் "அது அப்படித்தான்" என்பதே பதிலாக வருகிறது. போனது எதுவுமில்லை, ஜல்லியின் இடுக்கில் மணலும், மணலின் இடுக்கில் சிமெண்டும் அடங்கிவிட்டன. இந்த அடக்கத்தை ஒரு வாளி, ஒரு தராசு, கொஞ்சம் தண்ணீர் ஆகியவற்றைக் கொண்டு யார் வேண்டுமானாலும் அளந்து பார்க்கலாம். அதற்கான வழியைத்தான் இக்கட்டுரை படிப்படியாகச் சொல்கிறது.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பெரிய கல் நிறைய இடைவெளி விடும், சிறிய கல் நெருங்கி உட்காரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஒரே அளவுள்ள துகள்களைப் பொறுத்தவரை இது சரியன்று. ஒரு குவியலின் நெருக்கத்தை முடிவு செய்வது துகள் பெரிதா சிறிதா என்பதன்று. அதில் எத்தனை வகையான அளவுகள் கலந்திருக்கின்றன, அவற்றுக்குள் வேறுபாடு எவ்வளவு என்பதே. கீழே வரும் சோதனைகள் எல்லாம் இந்த ஒன்றைக் கண்ணால் காண்பதற்கும், இதற்கு விலக்காக வருகிற சில நிலைகளைத் தெரிந்துகொள்வதற்கும் ஆனவை.

தேவையான பொருள்கள்

முக்கால் ஜல்லி எனப்படும் 20 மி.மீ. கல், பேபி ஜல்லி எனப்படும் 6 மி.மீ. கல், உலர்ந்த மணல் ஆகியவை ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சட்டி வேண்டும். டெல்டா மண் முழுதும் ஆற்று வண்டல் ஆதலால் இங்கே கல்குவாரி கிடையாது. புதுக்கோட்டை, பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து லாரியில் வருகிற ஜல்லியே கிடைக்கும். அதில் ஒட்டியிருக்கும் கல்தூளைக் கழுவிவிட்டு, வெயிலில் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். தூளோடு அளந்தால் ஒரே அளவுக் கல்லை அளப்பதாகாது.

பாத்திரத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். பாத்திரத்தின் சுவரை ஒட்டி நிற்கும் கற்கள் உள்ளே இருப்பவற்றைப் போல நெருங்கி அமைவதில்லை. சுவரோரம் எப்போதும் கூடுதல் இடைவெளி விழும். சிறிய சொம்பில் முக்கால் ஜல்லியைப் போட்டால் பெரும்பாலான கற்கள் சுவரோரக் கற்களாகவே இருக்கும், கணக்கும் தவறும். பாத்திரத்தின் வாய் கல்லின் அளவைப்போல் பத்து மடங்காவது இருப்பது நல்லது. ஐஎஸ் 2386 என்னும் இந்தியத் தரநெறி 4.75 மி.மீ. வரையிலான துகளுக்கு 3 லிட்டர், அதற்கு மேல் 40 மி.மீ. வரையிலான கல்லுக்கு 15 லிட்டர், அதற்கும் மேற்பட்டதற்கு 30 லிட்டர் உருளைப் பாத்திரத்தைச் சொல்கிறது. வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளி போதும். குத்திவிடுவதற்கு இரண்டு அடி நீளமுள்ள 16 மி.மீ. கம்பித் துண்டு ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: வாளியை அளத்தல்

வாளியின் மேல் எழுதியிருக்கும் அளவை நம்ப வேண்டாம். காலி வாளியை எடை போட்டு, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி மீண்டும் எடை போட்டால், வேறுபாடு எத்தனை கிலோவோ அத்தனை லிட்டர் கொள்ளளவு. இந்த எண்ணை வாளியின் மேலேயே எழுதி வையுங்கள். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இதன்மேல்தான் நிற்கிறது.

இரண்டாவது: ஒரே அளவுக் கல்லின் வெற்றிடம்

முக்கால் ஜல்லியை வாளியில் மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் 25 முறை குத்திவிட்டு, விளிம்போடு தலைதட்டிச் சமன் செய்யுங்கள். பிறகு அளந்த தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டே வாருங்கள். தண்ணீர் கல்லின் மேல்மட்டத்தைத் தொட்டதும் நிறுத்தி, எத்தனை லிட்டர் இறங்கியது என்று பாருங்கள். 20 லிட்டர் வாளியில் 8.6 லிட்டர் இறங்கினால் வெற்றிடம் 43 விழுக்காடு. மீதி 57 விழுக்காடே கல். உடைத்த கருங்கல் ஜல்லிக்கு ஏறத்தாழ 40 முதல் 45 விழுக்காடு வெற்றிடம் வருவது இயல்பு. குத்திவிடாமல் சும்மா கொட்டி அளந்தால் இதைவிடச் சற்றுக் கூடுதலாக வரும். ஆகவே எந்த முறையில் நிரப்பினீர்கள் என்பதை எண்ணோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முறையைக் குறிக்காத எண்ணால் பயனில்லை.

இப்போது ஜல்லியைக் கொட்டிவிட்டு, பேபி ஜல்லியை அதே வாளியில், அதே மாதிரி நிரப்பி அளந்து பாருங்கள். வெற்றிடம் வெகுவாகக் குறையும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் கல்லின் வடிவம் ஒத்திருந்தால் ஏறக்குறைய அதே விழுக்காடுதான் வரும். காரணம் எளிது. கல் மூன்றில் ஒரு பங்காகச் சிறுத்தால் கற்களுக்கு இடைப்பட்ட இடுக்கும் அதே அளவில் சிறுக்கிறது. இடுக்குகளின் எண்ணிக்கை கூடுகிறது. மொத்த வெற்றிடம் மாறுவதில்லை.

உருண்டைகளை வைத்து இதை நெடுங்காலமாக ஆராய்ந்திருக்கிறார்கள். கும்பகோணம் மார்க்கெட்டில் ஆரஞ்சுப் பழத்தைக் கோபுரமாக அடுக்கியிருப்பதுபோல் ஒழுங்காக அடுக்கினால், ஒரே அளவு உருண்டைகள் இடத்தில் 74 விழுக்காட்டை நிரப்பும். இதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது என்று 1611-இல் யோஹானஸ் கெப்ளர் கருத்துரைத்தார்; தாமஸ் ஹேல்ஸ் 1998-இல்தான் அதற்கு நிறுவல் தந்தார். ஆனால் அடுக்காமல் கொட்டி, நன்றாகக் குலுக்கி நிரப்பினால் 64 விழுக்காட்டுக்கு மேல் போவதில்லை. குலுக்காமல் விட்டால் 60-ஐ ஒட்டி நிற்கும். ஜி.டி. ஸ்காட் என்பவர் 1960-இல் எஃகு உருண்டைகளை வைத்து அளந்து வெளியிட்ட எண்களும் இவையே. கோலிக்குண்டாக இருந்தாலும் சைக்கிள் பால்ஸாக இருந்தாலும் இந்த எண்கள் ஒன்றுதான். பள்ளி மாணவர்களுக்குச் செய்து காட்டுகிறவர்கள் ஜல்லிக்குப் பதில் இவ்விரண்டையும் பயன்படுத்தினால் பாடம் இன்னும் துலக்கமாக இருக்கும்.

உடைத்த கல் உருண்டையைவிடக் குறைவாக நிரப்புவதற்குக் காரணம் அதன் முனைகளும் சொரசொரப்பும் ஆகும். சப்பைக் கல் அதிகமுள்ள லோடு வந்தால் வெற்றிடம் மேலும் கூடும். கையில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தாலே சப்பை எவ்வளவு என்று தெரிந்துவிடும். புதியவர்கள் இந்தப் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது: இரண்டு அளவுகளைச் சேர்த்தல்

கட்டுரையின் மையம் இதுதான் என்பதால் இதில் அவசரப்படாதீர்கள். உலர்ந்த முக்கால் ஜல்லி 10 லிட்டர், உலர்ந்த மணல் 1 லிட்டர் இரண்டையும் தரையில் நன்றாகப் புரட்டிக் கலந்து, வாளியில் முன்போலவே நிரப்பி, எவ்வளவு உயரம் வந்தது என்று குறியுங்கள். பிறகு மணலை ஒவ்வொரு லிட்டராகக் கூட்டிக்கொண்டே போய் மீண்டும் மீண்டும் அளவிடுங்கள். தொடக்கத்தில் மணலைச் சேர்த்தும் வாளியின் மட்டம் ஏறாது. ஜல்லியின் இடுக்கு மணலை விழுங்கிக்கொண்டே போகும். நான்கு லிட்டரை நெருங்கும்போது மட்டம் மெல்ல ஏறத் தொடங்கும். அதற்கு மேல் சேர்க்கும் மணல் இடுக்கை நிரப்புவதை விட்டுவிட்டுக் கற்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கத் தொடங்குகிறது. மொத்த எடையை மொத்தப் பருமனால் வகுத்து, ஒரு லிட்டர் கலவை எத்தனை கிலோ என்று தாளில் வரைந்தால், அது ஏறி, ஓர் உச்சியைத் தொட்டு, பின்பு இறங்குவதைக் காண்பீர்கள். அந்த உச்சியே இந்த ஜல்லிக்கும் இந்த மணலுக்கும் உரிய சிறந்த விகிதம்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். ஜல்லி 57 விழுக்காடு இடத்தைப் பிடிக்கிறது. மீதமுள்ள 43 விழுக்காட்டில் மணலைக் கொட்டினால், மணல் தன் பங்கில் 60 விழுக்காடு திடப்பொருளாக அமைகிறது. அதாவது 43-இல் 60 விழுக்காடு, ஏறத்தாழ 26. இரண்டும் சேர்ந்து 83 விழுக்காடு. வெறும் ஜல்லியோ வெறும் மணலோ எட்ட முடியாத நெருக்கம் இது. நடைமுறையில் இவ்வளவு முழுமையாக அமையாது. மணல் சில இடங்களில் கற்களைத் தள்ளும், கல்லின் முகத்தை ஒட்டிய மணல் நெருங்கி உட்காராது. ஆகவே கணக்கில் வருவதைவிடச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும்.

இப்போது பழைய 1:2:4 கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பது கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றேகால் கன அடி என்று கொத்தனார்கள் கணக்கிடுவதால் அளவுப் பெட்டியும் அதே அளவில் செய்யப்படுகிறது. நான்கு பெட்டி ஜல்லி ஐந்து கன அடி. அதன் வெற்றிடம் ஏறத்தாழ 2.15 கன அடி. இரண்டு பெட்டி மணல் இரண்டரை கன அடி. அந்த வெற்றிடத்தை நிரப்பிவிட்டுக் கற்களைச் சற்றே விலக்கி நிறுத்தவும் போதுமானது. இரண்டரை கன அடி மணலின் வெற்றிடம் 40 விழுக்காடு என்றால் ஒரு கன அடி. ஒன்றேகால் கன அடி சிமெண்ட் அதையும் நிரப்பி, துகள்களின் மேல் பூசிக்கொள்ளவும் மிஞ்சுகிறது. ஒவ்வொன்றும் அதற்கு மேற்பட்டதன் பாதியாக இருப்பதற்குக் காரணம் வெற்றிடம் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருப்பதே. இந்தக் கணக்கை ஒருமுறை தானே போட்டுப் பார்த்தவர் பிறகு விகிதத்தை மனப்பாடமாக வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இப்படிப் பெட்டிக் கணக்கில் வரும் பெயரளவு விகிதம் எம்20 என்ற வலிமைத் தரம் வரையிலான கான்கிரீட்டுக்கே பொருந்தும், அதற்கு மேல் ஆய்வகத்தில் வடிவமைத்த கலவைதான் வேண்டும்.

எந்த இரண்டு அளவுகளைச் சேர்த்தாலும் இந்தப் பலன் வருமா என்றால் வராது. முக்கால் ஜல்லியோடு அரை ஜல்லி எனப்படும் 12 மி.மீ. கல்லைச் சேர்த்துப் பாருங்கள். நெருக்கம் மிகக் கொஞ்சமே கூடும். அரை ஜல்லி முக்கால் ஜல்லியின் இடுக்குக்குள் நுழைய முடியாமல், தானும் ஒரு கல்லாக இடம் கேட்டு நிற்கிறது. மூன்று உருண்டைகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும்போது நடுவில் உள்ள துளை வழியே நுழைய வேண்டுமானால், சிறிய உருண்டை பெரியதில் ஏறத்தாழ ஆறரையில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இருபது மி.மீ. கல்லுக்கு இது மூன்று மி.மீ. அளவு. நல்ல ஆற்று மணலில் பெரும்பகுதி இதற்கும் சிறியது என்பதால்தான் ஜல்லிக்கு மணல் சரியான துணையாகிறது.

அப்படியானால் அரை ஜல்லி வீணா என்று கேட்கலாம். இல்லை. பெரிய கல்லும் மணலும் மட்டுமே உள்ள கலவை கொட்டும்போது எளிதில் பிரிந்துவிடும். இடைப்பட்ட அளவுகள் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. நெருக்கத்துக்காக அளவு வேறுபாட்டையும், பிரியாமல் இருப்பதற்காக இடைப்பட்ட அளவுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நான்காவது: மணலுக்குள் இருக்கும் அளவுகள்

மணலே ஒரு கலவைதான். தலைப்பகுதியில், முக்கொம்பு, கல்லணைப் பக்கம் ஆறு பரும்படியான மணலை விட்டுச் செல்கிறது. வேகம் குறையக் குறையப் பொடி மணலும், கடைமடைப் பகுதியில் வண்டலும் களியும் படிகின்றன. கோடியக்கரைப் பக்கத்து மணல்மேட்டில் காற்று சலித்துக் குவித்த மணல் பெரும்பாலும் ஒரே அளவாக இருக்கும். ஆகவே பார்க்க அழகாக, சீராக இருக்கும் மணல் நெருக்கமாக அமையாது. சற்றுப் பருமனும் பொடியும் கலந்து, பார்வைக்குச் சீரற்றிருப்பதே நன்றாக அமையும். (கடற்கரை மணலில் உப்பு இருப்பதால் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு அது எந்த நிலையிலும் ஆகாது.)

சல்லடைத் தொகுதி கிடைத்தால் 4.75 மி.மீ. முதல் 150 மைக்ரான் (0.15 மி.மீ.) வரை சலித்து, ஒவ்வொன்றிலும் தங்குவதை எடை போடுங்கள். ஐஎஸ் 383 தரநெறி 600 மைக்ரான் சல்லடையை வைத்துத்தான் மணலை நான்கு மண்டலமாகப் பிரிக்கிறது: அதன் வழியே விழுவது 15 முதல் 34 விழுக்காடு என்றால் முதல் மண்டலம், 35 முதல் 59 வரை இரண்டாவது, 60 முதல் 79 வரை மூன்றாவது, 80-க்கு மேல் நான்காவது. கான்கிரீட்டுக்கு இரண்டாம் மண்டலம் நன்று. நான்காம் மண்டல மணலைப் பூச்சு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மணலின் வெற்றிடத்தை ஜல்லிக்குச் செய்ததுபோல் தண்ணீர் ஊற்றி அளக்க வேண்டாம். மேலிருந்து ஊற்றும் தண்ணீர் காற்றை உள்ளேயே அடைத்துவிடுவதால் வெற்றிடம் குறைவாகத் தெரியும். எடைதான் சரியான வழி. உலர்ந்த மணல் ஒரு லிட்டர் 1.55 கிலோ இருந்தால், இடுக்கே இல்லாத படிகக்கல் ஒரு லிட்டர் 2.65 கிலோ ஆதலால், 1.55-ஐ 2.65-ஆல் வகுத்து 58 விழுக்காடு திடப்பொருள் என்று கொள்ளலாம்.

ஐந்தாவது: ஈரம்

இதுவரை உலர்ந்த மணல் என்று வற்புறுத்திச் சொல்லி வந்ததற்குக் காரணம் இங்கே வருகிறது. புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடமும் இதுவே. ஒரு வாளி உலர்ந்த மணலைத் தரையில் கொட்டி, அதன் எடையில் இருபதில் ஒரு பங்கு தண்ணீர் தெளித்துப் பிசறி, மீண்டும் வாளியில் போடுங்கள். வாளி நிரம்பி வெளியே மணல் மிஞ்சும். துகள்களைச் சுற்றிப் படிந்த மெல்லிய நீர்ப்படலம் அவற்றை ஒட்டவைத்து, சரிந்து நெருங்க விடாமல் விலக்கியே நிறுத்துகிறது. பருமன் இருபது, முப்பது விழுக்காடு வரை உப்பலாம். மணல் எவ்வளவு பொடியோ அவ்வளவு அதிகம் உப்பும். தண்ணீரை இன்னும் சேர்த்து முழுதும் மூழ்கடித்தால் படலம் மறைந்து, மணல் கிட்டத்தட்ட உலர்ந்த நிலைப் பருமனுக்கே திரும்பிவிடும்.

அளந்தறிய ஒரு கண்ணாடிக் குவளை போதும். வந்து இறங்கிய மணலை அப்படியே, அமுக்காமல், 200 மி.மீ. உயரத்துக்கு நிரப்புங்கள். அதை வெளியே எடுத்து, குவளையில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மணலை மீண்டும் உள்ளே போட்டுக் கம்பியால் கலக்கி அடங்க விடுங்கள். உயரம் 160 மி.மீ. என்று வந்தால், குறைந்த 40-ஐ 160-ஆல் வகுக்க, உப்பல் 25 விழுக்காடு. இதன் பொருள் இரண்டு. நூறு கன அடி கொண்ட ஒரு யூனிட் மணலுக்குக் காசு கொடுத்து 80 கன அடி மணலையே வாங்கியிருக்கிறீர்கள். மேலும், இரண்டு பெட்டி என்று போட்டால் உண்மையில் 1.6 பெட்டி மணல்தான் கலவைக்குள் போகிறது. இடுக்கு நிரம்பாமல் கான்கிரீட்டில் தேன்கூடு போலத் துளைகள் விழும். அன்றைய கலவைக்கு இரண்டரை பெட்டி போட வேண்டும். அதோடு மணலிலுள்ள தண்ணீரைக் கழித்துக்கொண்டு ஊற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இந்தச் சோதனையைத் தினமும் காலையில் செய்வது மிகையன்று. முக்கால் ஜல்லியில் இந்தத் தொல்லை இல்லை. கல்லின் எடைக்கு முன் நீர்ப்படலத்தின் பிடி ஒன்றுமில்லை.

ஆறாவது: மிக நுண்ணிய தூள்

அளவு மட்டும் நெருக்கத்தை மாற்றாது என்றோம். அதற்குப் பெரிய விலக்கு மாவு போன்ற தூள். துகள் ஏறத்தாழ ஒரு மி.மீ.-இல் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே போகும்போது, அதன் எடையைவிடத் துகளுக்கும் துகளுக்கும் இடையிலான ஒட்டும் விசை வலுத்துவிடுகிறது. விழுந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டு, உருண்டு இடுக்கைத் தேடிப் போவதில்லை. சிமெண்டின் ஒரு லிட்டர் 1.44 கிலோ என்று கொள்வது வழக்கம். இடுக்கே இல்லாத சிமெண்ட் 3.15 கிலோ இருக்கும். ஆக மூட்டைக்குள் இருப்பதில் 46 விழுக்காடே சிமெண்ட், மீதி காற்று. ஜல்லியைவிடவும் மணலைவிடவும் மோசமாக அமைவது எல்லாவற்றிலும் பொடியான இந்தப் பொருள்தான். தண்ணீரோடு சேர்ந்து நன்றாகக் கலக்கப்படும்போதே அது பிரிந்து இடுக்குகளுக்குள் செல்கிறது.

மணலில் உள்ள வண்டலும் இடுக்கை நிரப்பத்தானே செய்யும், ஏன் வேண்டாம் என்கிறார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. துகளின் அளவு பாதியானால், அதே பருமனுக்கு மேற்பரப்பு இரு மடங்காகிறது. வண்டல் அத்தனை மேற்பரப்புக்கும் தண்ணீர் கேட்கும். தண்ணீர் கூடினால் கான்கிரீட்டின் வலு குறையும். கல்லின் மேல் படிந்த களி சிமெண்ட் பிடிப்பதையும் தடுக்கும். அதனால்தான் ஆற்று மணலில் 75 மைக்ரானுக்குக் கீழ்ப்பட்ட தூள் எடையில் 3 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்று தரநெறி வரம்பு கட்டுகிறது.

குவியலிலிருந்து எடுக்கும் முறை

இத்தனையும் சரியாகச் செய்தாலும், சோதனைக்கு எடுத்த மாதிரிப் பொருள் தவறானால் எல்லாம் வீண். டிப்பர் லாரி கொட்டும்போது பெரிய கற்கள் உருண்டு குவியலின் அடியோரத்துக்குப் போய்விடும். பொடியானது நடுவிலும் உச்சியிலும் தங்கும். லாரி குலுங்கி வரும் வழியிலும் சிறியவை கீழிறங்கப் பெரியவை மேலே வந்திருக்கும். ஆகவே அடி, நடு, உச்சி என மூன்று உயரங்களிலும், சுற்றி நான்கு பக்கங்களிலும் அள்ளிச் சேர்த்து, தரையில் வட்டமாகப் பரப்பி, நான்காகக் கோடு கிழித்து, எதிரெதிர் இரண்டு பாகங்களை மட்டும் எடுத்து மீண்டும் கலந்து, தேவையான அளவு வரும்வரை இவ்வாறே பாதியாக்கிக்கொண்டு வாருங்கள்.

நெல்லிலும் அரிசியிலும் இதே விதிதான் என்பதை டெல்டாவில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நொய் கலந்த அரிசி ஒரு படிக்கு எடை கூடுதலாக நிற்கும். குலுக்கி அளந்த படிக்கும் சும்மா அளந்த படிக்கும் வேறுபாடு வரும். பருமனால் அளந்தால் இப்படி ஆளுக்கு ஆள் கணக்கு மாறும். எடையால் அளந்தால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடை போட்டு வாங்குவதோடு 17 விழுக்காடு ஈரப்பதம் என்ற வரம்பையும் வைத்திருப்பது, எடைக்கணக்கிலும் ஈரம் புகுந்து கெடுக்கும் என்பதால்தான். கட்டுமான இடத்திலும் தராசு கிடைத்தால் பெட்டிக் கணக்கை விட்டுவிட்டு எடைக் கணக்குக்கு மாறுவதே நல்லது.

ஆற்று மணலிலிருந்து எம்-சாண்டுக்கு மாறும் நாளில் மூன்றாவது சோதனையை மறுபடி செய்யுங்கள். எம்-சாண்ட் உடைத்த கல் ஆதலால் முனை கூர்மையாக இருக்கும், வெற்றிடம் கூடும், தூளும் அதிகமிருக்கலாம். பழைய விகிதத்தின் உச்சி அதே இடத்தில் நிற்காது. குவாரி மாறினாலும், சப்பைக் கல் கூடிய லோடு வந்தாலும் அப்படியே. கல், மணல், நிரப்பிய முறை, வெற்றிடம், உப்பல் ஆகிய ஐந்தையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த லோடு இறங்கும்போது எதில் மாற்றம் என்று ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம்.